அப்புக்காத்து அம்புறோஸும் இருபத்தைந்து கையெழுத்தும்

மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஒருவர் அளவுக்கு மிஞ்சி நியாயம் கதைத்தால், "பெரிய அப்புக்காத்து அம்புறோஸ் எண்டு நினைப்போ?" என்று கேட்பார்கள். வழக்கறிஞருக்கு எங்கள் ஊர்களில் இருந்த பழைய பெயர் அப்புக்காத்து. இப்போது அது நக்கலுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. அம்புறோஸ் அதைக் கேட்டுக் கோபித்ததில்லை. "ஓம், நான்தான். என்ன வழக்கு?" என்று திருப்பிக் கேட்பார்.

கட்டையான மனிதர். அறுபதைத் தாண்டியும் படிகளை இரண்டிரண்டாக ஏறுவார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனைகள் இருக்கும். ஒன்றைத்தான் இரவல் கொடுப்பார். நீதிமன்றத்திலிருந்து தொலைபேசி வந்தால், மறுமுனையில் இருப்பவர் ஒரு சாதாரண எழுதுவினைஞர் என்றாலும், கதிரையை விட்டு எழும்பி நின்று கதைப்பார். "இருந்துகொண்டு கதைச்சால் எனக்கு வாதம் வராது" என்பது அவர் சொல்லும் காரணம்.

1961இல் மன்னார் பேசாலையில் பிறந்தார். தகப்பன் மீனவர் சங்கத்தில் கணக்கப்பிள்ளை. அம்புறோஸ் கொழும்பில் சட்டம் படித்து, மன்னார் நீதிமன்றத்தில் நாலு வருடம் நின்றார். அங்கே வந்ததெல்லாம் வலை வெட்டிய வழக்கு, படகு உரசிய வழக்கு, வேலி தள்ளிய வழக்கு. பிறகு வழக்குப் பேச நீதிமன்றமே இல்லாமல் போன காலம் வந்தது. 1991 மாசி மாதம், மேல்கோட்டு என்ற பெயரில் யாரோ கொடுத்த ஒரு மழைச்சட்டையோடு மொன்றியலில் வந்து இறங்கினார்.

கியூபெக்கின் சட்டம் வேறு. அவர் படித்தது ஆங்கிலேயர் விட்டுப்போன சட்டம். இங்கே இருப்பது பிரெஞ்சுக்காரர் வழிவந்த சட்டக்கோவை. கொழும்புச் சான்றிதழைப் பார்த்த அதிகாரி அதை மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பித் தந்தாராம். அடுத்த பதினொரு வருடம் அலுமினிய யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. "அங்கையும் சட்டம்தானே" என்பது அந்தக் காலத்தைப் பற்றி அவர் வைத்திருக்கும் ஒரே பகிடி. அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

லீவு நாட்களில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனார். அங்கேதான் அது நடந்தது. ஒரு பெண்ணின் வாக்குமூலத்தைப் புருசனே எழுதி, புருசனே கையெழுத்தும் வைத்திருந்தார். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரணையில் அந்தப் பெண்ணைக் கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. அவர் பட்டதெல்லாம் உண்மை. தாளில் இருந்தது வேறொருவர் சொன்ன கதை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அதைச் சரிப்படுத்த நாலு வருடம் பிடித்தது. அம்புறோஸ் அன்று அந்தத் தீர்ப்பை அந்தப் பெண்ணுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் வாதாட முடியாது. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர், நாற்பத்தோராம் வயதில், பிரெஞ்சில், முதலாம் வருடத்திலிருந்து சட்டம் படிக்க விண்ணப்பித்தார்.

ஏழு வருடம். மனைவி றோசா குழந்தைகள் காப்பகத்தில், இங்கத்தைய பேச்சில் கார்டெரியில், வேலை செய்து வீட்டை நடத்தினார். ஒருமுறை தோற்று மறுமுறை வென்று, நாற்பத்தெட்டாம் வயதில் அம்புறோஸ் இரண்டாம் தடவை வழக்கறிஞரானார். கோத்-வெர்த்து மெட்ரோவுக்குப் பக்கத்தில், ஒரு பல் வைத்தியரின் மேல்மாடியில் கந்தோர் திறந்தார். பிரெஞ்சுக்காரர், வழக்கறிஞருக்கு வைக்கும் மரியாதைப்படி, 'மேத்ர்' என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்கள் 'லோயர் அண்ணை' என்றார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் அவர் சொல்வது ஒன்றுதான்: "கையெழுத்தை நீங்களே வையுங்கோ. வைக்க முதல் வாசியுங்கோ. மனிசிக்கு மனிசன் வைக்கேலாது."

தொழிற்சாலைப் பகுதியில் ஒரு தெரு இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து தொழிற்சாலை வாசல் வரைக்கும் நடைபாதை இல்லை. பனிக்காலத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் லொறிகளோடு லொறியாகத் தெருவில் நடந்தார்கள். அம்புறோஸ் மாதாமாதம் உள்ளூராட்சிக் கூட்டத்துக்குப் போய், கேள்வி நேரத்தில் அதைக் கேட்டார். பதினாலு தடவை கேட்டார். பதினாலு தடவையும் 'குறித்துக்கொண்டோம்' என்று பதில் வந்தது. கேள்வி கேட்கிறவனுக்கு வாக்கு இல்லை, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குத்தான் வாக்கு என்று அவருக்கு விளங்கியது. 2017 தேர்தலில் தன் வட்டாரத்தில் சுயேச்சையாக நிற்க முடிவெடுத்தார்.

நிற்பதற்கு வட்டாரத்து வாக்காளர் இருபத்தைந்து பேரின் கையெழுத்து வேண்டும். ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரைக்குள் கொடுக்க வேண்டும். தாளின் முதல் வரியை அம்புறோஸ் வீட்டு மேசையிலேயே நிரப்பி, மிச்சத்தை றோசாவின் தம்பி அருமைராசாவிடம் கொடுத்தார். அருமைராசா மரக்கறிக் களஞ்சியம் ஒன்றின் வான் ஓட்டுகிறவர். அவரைத் தெரியாத தமிழ் வீடு சென்ட் லோரன்டில் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் தாள் திரும்பி வந்தது.

"கேட்டது இருபத்தைஞ்சு அத்தான். குடுத்தது முப்பத்திநாலு." அருமைராசா தாளை மேசையில் வைத்துவிட்டு, சம்மன் பத்திரம் கொடுக்க வந்தவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

அம்புறோஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். அவர் ஒரு தாளை வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொஞ்சம் பயமான காரியம். விரல் வரிவரியாக இறங்கும். நிற்கும் இடத்தில் நிற்கும்.

"இந்த அஞ்சு பேரும் இல்-பிசாருக்கு வீடு வாங்கிப் போய் மூண்டு வருசம்."

"எண்டாலும் எங்கட ஆக்கள்தானே."

"எங்கட ஆக்கள்தான். எங்கட வட்டாரம் இல்லை." ஐந்து வரியிலும் கோடு விழுந்தது. விரல் இன்னும் இறங்கியது. "சிவராசா வீட்டில நாலு பேரும் ஒரே மாதிரிச் சரிச்சு எழுதுகினம், என்ன?"

"குடும்பத்தில எழுத்து ஒத்துப்போகுமெல்லே அத்தான். மூக்கு மாதிரி."

"அருமை. ஆர் வைச்சது?"

அருமைராசா யன்னலைப் பார்த்தார். "சிவராசா அண்ணைதான். சாமத்தியச் சடங்கு வீட்டில, சாப்பாட்டு லைனில வைச்சு எடுத்தனான். மனிசி பிள்ளையள் தட்டோட மேசையில. ஏன் எழுப்புவான் எண்டு அவரே எல்லாருக்கும் வைச்சார். பின்னால நிண்ட ஆக்களும் பாத்துப்போட்டு அப்பிடியே வைச்சவை."

"தாளின்ர அடியில என்ன கிடக்கெண்டு வாசிச்சனியோ?"

"பிரெஞ்சில ஏதோ கிடக்கு."

"கையெழுத்து எடுத்த ஆள் சத்தியம் பண்ண வேணும். இந்த ஆக்களைத் தெரியும், என்ர கண்ணுக்கு முன்னால வைச்சவை எண்டு."

"பண்ணுறன். ஆர் அத்தான் வந்து பாக்கப் போகினம்?"

"நான் பாத்திட்டனே."

ஒருவர் மற்றவருக்காக வைத்த பதினெட்டு வரிக்குக் கோடு விழுந்தது. முப்பத்துநாலு பதினொன்றாகியது. அம்புறோஸ் கோபத்தோடு மேலிருந்து இன்னொருமுறை சரிபார்க்கத் தொடங்கி, முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

முதல் வரியில் றோசாவின் பெயர் இருந்தது. அதை எழுதியது அம்புறோஸ். கையெழுத்தும் அவருடையதுதான். றோசா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார், கை ஈரம், எழுப்புவானேன் என்று நினைத்தது இப்போது அவருக்கு ஞாபகம் வந்தது. யோசித்துச் செய்த காரியம் இல்லை. அதுதான் அவரைக் கூடுதலாக உறுத்தியது.

அந்த வரிக்கும் கோடு போட்டார். பத்து.

"பதினஞ்சு பேர் வேணும். இப்ப நேரம் பதினொண்டே முக்கால்," என்று எழும்பினார். ஒரு புதுத் தாளை எடுத்தார். "இந்தத் தாளுக்கு நான்தான் பொறுப்பு. நீ வானை எடு."

"எங்கை முதல்?"

"கார்டெரிக்கு."

பன்னிரண்டு மணிக்குக் காப்பகத்துப் பிள்ளைகள் வெளியில் உலாத்திவிட்டுத் திரும்பும் நேரம். கயிற்றின் வளையங்களைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். கயிற்றின் முன்நுனியில் றோசா. புருசனையும் தம்பியையும் வேலைநேரத்தில் ஒன்றாகக் கண்டதும் முகம் மாறியது.

"ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ஒரு பிழை விட்டிட்டன்." அம்புறோஸ் பழைய தாளைக் காட்டினார்.

கோடு விழுந்த வரியை றோசா பார்த்தார். "என்ர கையெழுத்து இவ்வளவு வடிவில்லையே."

அருமைராசா சிரித்தார். அம்புறோஸ் சிரிக்கவில்லை.

"நீங்கள் லோ படிக்கப் போகேக்கையும் என்னைக் கேக்கேல்லை," என்றார் றோசா. "ஃபோமை அனுப்பிப்போட்டு வந்துதான் சொன்னியள். எலெக்‌ஷனையும் இவன்தான் எனக்குச் சொன்னவன், வெண்டிக்காய்ப் பெட்டி இறக்கேக்கை."

"இப்ப கேக்கிறன்."

"கேளுங்கோ பாப்பம்."

நீதிபதிக்கு முன்னால் நிற்பதுபோல அம்புறோஸ் நேராக நின்றார். "றோசா, நான் எலெக்‌ஷனில நிக்கலாமோ? வெண்டால் மாசத்தில நாலைஞ்சு பின்னேரம் வீட்டில இருக்கமாட்டன். சனம் வீட்டுக்கு வரும். உனக்குக் கரைச்சல்தான். நீ வேண்டாம் எண்டால் தாளை இப்பவே கிழிச்சுப்போடுவன்."

கயிற்றின் கடைசியில் நின்ற பிள்ளை எதற்கோ சிணுங்கியது. றோசா பிரெஞ்சில் அதனிடம் இரண்டு சொல் சொல்லிவிட்டுத் திரும்பினார். "வீட்டுக்குச் சனம் வரட்டும். தேத்தண்ணி நீங்கள் போட வேணும். நீங்கள் கந்தோரில சொல்லுற மாதிரிச் சொல்லுறன், எழுதி வையுங்கோ."

"எழுதுறன்."

"முதலில தாளைத் தாங்கோ, வாசிக்க."

முழுவதும் வாசித்தார். கயிற்றை அருமைராசாவிடம் கொடுத்துவிட்டு, மதிலில் தாளை வைத்து, நிதானமாகக் கையெழுத்திட்டார். அதற்குள் பிள்ளைகள் அருமைராசாவை ஒரு மரத்தோடு சேர்த்துச் சுற்றியிருந்தார்கள்.

பதினொன்று.

இரண்டு மணிக்குத் தொழிற்சாலை இடைவேளை, கால் மணித்தியாலம். நடைபாதை இல்லாத அந்தத் தெருவிலேயே வானை நிறுத்தி, அதன் மூக்கின் மேல் தாளை விரித்தார்கள். செய்தி உள்ளே போய், பெண்கள் தலைக்கு வலைத்தொப்பியோடு வெளியே வந்தார்கள். ஒருவர், "என்ர மனிசன் எனக்கும் சேத்து வைச்சிட்டன் எண்டு சொன்னவர்" என்றார். அம்புறோஸ் கோடுகளைக் காட்டினார். "அவர் வைச்சதை வெட்டிப்போட்டன் தங்கச்சி. உங்கட விருப்பம் எனக்குத் தெரியாது. அதைக் கேக்கத்தான் வந்தனான்."

"அவருக்கு ஒருக்கா ஃபோன் அடிச்சுக் கேக்கட்டே?"

"கேளுங்கோ. கேட்டிட்டு வையுங்கோ, இல்லாட்டி வையாமலும் விடுங்கோ."

அந்தப் பெண் தொலைபேசியைக் கையில் எடுத்து, கொஞ்சம் யோசித்து, திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். "வேண்டாம். பேந்து சொல்லுவம். இந்த றோட்டில நடக்கிறது நான்தானே." கையெழுத்திட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர். வட்டாரத்துக்கு வெளியே லாவாலில் வசிக்கும் மூன்று பேர் தங்களால் முடியவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டே, மற்றவர்களுக்குக் காற்று அடிக்காமல் தாளைப் பிடித்துக்கொண்டார்கள். மணி அடித்தது. பத்தொன்பது.

மூன்று மணிக்குச் சிவராசாவின் அடுக்குமாடி. சிவராசா வேலையில். கதவைத் திறந்தவர் அவர் மனைவி ஞானாம்பிகை. வந்த காரணத்தைக் கேட்டதும் கதவைப் பாதி திறந்தபடியே நிறுத்திவிட்டார்.

"எனக்கும் பிள்ளையளுக்கும் சேத்து அவர் வைச்சவரோ?"

"ஓம் அக்கா. பிழை எங்கட பக்கம்," என்றார் அம்புறோஸ்.

"நான் என்ன செய்துகொண்டு இருந்தனாம்?"

"கத்தரிக்காய்க் கறி நல்லாயிருக்கு எண்டு சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள்," என்றார் அருமைராசா.

"அது நல்லாய்த்தான் இருந்தது." ஞானாம்பிகை சிரிக்கவில்லை. "அப்ப நான் வைக்காட்டி?"

"உங்கட உரிமை."

"நீங்கள் நிக்கேலாமல் போகுமோ?"

"போகலாம்."

"என்ன செய்து தருவன் எண்டு சொல்லுறியள்? போன முறை வந்தவர் பஸ் அஞ்சு நிமிசத்துக்கு ஒண்டு விடுவன் எண்டவர்."

"பஸ் எங்கட சபையின்ர கையில இல்லை. நடைபாதை கையில கிடக்கு. அதைக் கேட்டுச் சண்டை பிடிப்பன். கிடைக்கும் எண்டு சொல்லேலாது. எனக்கு ஒரு வாக்குத்தான்."

ஞானாம்பிகை அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "வாக்குத் தராத ஆளை இண்டைக்குத்தான் காணுறன். இது வைச்சால் உங்களுக்கு வோட்டுப் போட வேணுமோ?"

"இல்லை. இது நான் நிக்கலாம் எண்டதுக்கு. வோட்டு வேறை, ரகசியம்."

"அப்ப வைக்கிறன். வோட்டுக்கு யோசிப்பம்."

வைத்தார். உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். மகள் சாம்பவியும் மகன் தனோஜனும் வந்தார்கள். சாம்பவி வாசித்துவிட்டு வைத்தாள். தனோஜன் பிரெஞ்சிலேயே நாலு கேள்வி கேட்டு, நாலுக்கும் பதில் வாங்கிக்கொண்டு வைத்தான். இருபத்திரண்டு. ஞானாம்பிகை செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "மூண்டாம் மாடியில ஒரு ஹெயிட்டி ஆள், பக்கத்தில லெபனான் சோடி. மூண்டு பேருக்கும் இங்கை வோட்டு இருக்கு. இரவல் குடுக்கிற வாங்குற ஆக்கள். வாங்கோ." மூன்று பேரும் வாசித்துவிட்டு வைத்தார்கள். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, இருபத்தைந்து.

நாலு மணி கடந்து ஐந்து நிமிடத்தில் உள்ளூராட்சித் தேர்தல் கந்தோர். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் "பொன்ஜூர் மேத்ர்" என்று வரவேற்று, இரண்டு தாளையும் வாங்கினார். அம்புறோஸ் தன் தாளுக்குச் சத்தியம் செய்து முடித்தார். பழைய தாளில் மிஞ்சிய பத்துக்கு அருமைராசா செய்ய வேண்டும். அம்மையார் அந்த வாக்கியத்தை அவர் பக்கம் திருப்பி, வாசிக்கச் சொன்னார்.

அருமைராசா பிரெஞ்சு வாசிப்பார், மெதுவாக. தாள் முழுவதும் கோடுகள். மிஞ்சியிருந்த பத்துப் பெயர்களும் கோடுகளுக்கிடையில் தனித்தனியாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் விரலை வைத்துக்கொண்டு வந்தவர், எட்டாவதில் நின்றார்.

"அத்தான்."

"என்ன?"

"பேரின்பநாதன் அண்ணை வைக்கேக்கை நான் சோறு போடப் போயிட்டன். திரும்பி வரேக்கை கையெழுத்து அதில கிடந்தது. அவர்தான் வைச்சிருப்பார். நூறு வீதம் அவர்தான். ஆனால் நான் காணேல்லை."

"காணேல்லையோ?"

"காணேல்லை. கோயில் இல்லை, கந்தோர்தான். எண்டாலும் சத்தியம் சத்தியம்தானே."

அம்புறோஸ் பேனையை நீட்டினார். எட்டாவது வரிக்கு அருமைராசாவே கோடு போட்டார். அம்மையாருக்குத் தமிழ் விளங்கவில்லை, கோடு விளங்கியது. இருபத்துநாலு என்று எண்ணி, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. பேரின்பநாதன் அந்த நேரம் நோத்ர-டாம்-த-கிரேஸில் வேலையில். போய்த் திரும்ப முடியாது.

அம்புறோஸ் மச்சானைப் பார்த்தார். "நீ வைச்சனியோ?"

"நானோ? நான் எடுக்கிற ஆளெல்லோ."

"என்ர தாளில எடுக்கிறது நான். உனக்கு இந்த வட்டாரத்தில வோட்டு இருக்கோ?"

"பதினேழு வருசமா."

"அப்ப ஏன் வைக்கேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே, அத்தான்."

அம்மையாரிடம் கேட்டார்கள். அம்புறோஸ் தன் தாளில் ஒரு வரி சேர்த்து, அதற்கும் சத்தியம் செய்தால் சரி என்றார். அருமைராசா தாளைக் கையில் எடுத்தார். உடனே வைக்கவில்லை. அன்று எல்லோரும் கேள்வி கேட்டதைப் பார்த்துக்கொண்டு வந்தவர் அல்லவா.

"தோத்தால் என்ன செய்வியள்?"

"திங்கக்கிழமை கந்தோர் திறப்பன்."

"வெண்டால்?"

"திங்கக்கிழமை கந்தோர் திறப்பன். கூட்டம் உள்ள பின்னேரம் கூட்டத்துக்குப் போவன்."

"அவ்வளவோ?"

"அவ்வளவுதான்."

அருமைராசா கையெழுத்திட்டார். நாலு மணி இருபது நிமிடத்துக்கு முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் அம்புறோஸ் முதல் செய்த காரியம் பேரின்பநாதனுக்குத் தொலைபேசி எடுத்தது. அவர் வைத்ததை வெட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார். எழும்பி நிற்கத் தேவை இருக்கவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

கார்த்திகையில் நூற்றுப்பதினெட்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டாம் வருடம் அந்தத் தெருவின் ஒரு பக்கத்துக்கு நடைபாதை வந்தது. அதற்காக அவர் எழுதிய கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் ஒரு பெட்டி நிறையக் கந்தோரில் இருக்கின்றன. கேட்டால் காட்டுவார். கேட்காமலும் காட்டுவார். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இன்றுவரை தேத்தண்ணி போடுவது அவர்தான். சீனி கூடுதல் என்பது பொதுவான முறைப்பாடு.

2021இல் இரண்டாம் முறை நின்றபோதும் தாள் அருமைராசாவிடமே போனது. இந்தத் தடவை சாப்பாட்டு வரிசை இல்லை. மடக்கு மேசை ஒன்றோடு அடுக்குமாடிகளின் வாசலில் இருந்தார். முதல் முறை ஒரு சாமத்திய வீட்டில் முடிந்த காரியத்துக்கு இம்முறை ஐந்து நாள் பிடித்தது. ஒவ்வொருவரும் வாசித்தார்கள். புருசனும் பெண்சாதியும் மேசைக்கு முன்னாலேயே தர்க்கப்பட்டு, ஒருவர் வைத்து மற்றவர் வைக்காமல் போனதும் உண்டு. நாலாம் நாள் அருமைராசா களைத்துப்போய் அம்புறோஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அத்தான், ஞானாம்பிகை அக்கா தாளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. மற்றப் பக்கத்து நடைபாதை எப்ப எண்டு கேக்கிறா. அது தெரியாமல் வைக்கமாட்டாவாம்."

"எப்ப எண்டு எனக்கே தெரியாது. அதை அப்பிடியே சொல்லு."

"சொன்னால் வைக்கமாட்டா."

"அப்ப வைக்காட்டிப் போகட்டும். எத்தினை பேர் வைச்சிருக்கினம்?"

"இருபத்தொண்டு."

"எல்லாரையும் கண்ணால கண்டனியோ?"

"கண்டனான் அத்தான். நாலு நாளாய்ச் சோறு போடவும் எழும்பேல்லை."

"நல்லது. நாளைக்கும் இரு," என்றார் அம்புறோஸ்.